சல்லடை என்கிற என் சகலை

என் சகலை மண்ணைக் கடித்துப் பார்ப்பான். அதுதான் அவன் வேலை. கடலுக்கு அடியிலிருந்து குழாய் வழியாக வரும் சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்து, முன்பற்களுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக அரைப்பான். நறநறவென்றால் வண்டல். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களிமண். பிறகு துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, சீட்டில் எழுதுவான். அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்தில் ஒரு இயந்திரமும் இருக்கிறது. இயந்திரம் இரண்டு மணி நேரம் கழித்துச் சொல்வதும் இவன் அரை நிமிஷத்தில் சொன்னதும் எப்போதும் ஒத்துப்போகும். அதுதான் எனக்குப் பொறுக்காது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நேரில் பார்த்தால் 'வாங்க, போங்க'தான். மனசுக்குள் 'அவன்'. இங்கே மனசுக்குள் இருக்கிறபடியே எழுதிவிடுகிறேன். மரியாதை கொடுத்து எழுத உட்கார்ந்தால் உண்மை வராது. அலுவலகத்தில் அவனுக்குச் 'சல்லடை' என்று பேர். பேர் வைத்ததே நான்தான். கேலியாகத்தான் வைத்தேன். அது நாளடைவில் பட்டம் மாதிரி ஆகி, இயக்குநரே "சல்லடை என்ன சொல்றாரு?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. என் கையாலேயே நான் வயிற்றெரிச்சல் தேடிக்கொண்ட கதைகளில் அது ஒன்று.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடலின் மேல்மட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் கீழே தரை. அந்தத் தரைக்கும் முந்நூறு மீட்டர் கீழே ஒரு மணல் அடுக்கு. அந்த மணலின் இண்டு இடுக்கெல்லாம் பனிக்கட்டி மாதிரி ஒன்று உறைந்து கிடக்கிறது. தண்ணீரும் மீத்தேன் வாயுவும் குளிரிலும் அழுத்தத்திலும் சேர்ந்து இறுகியது அது. ஒரு துண்டை மேலே கொண்டுவந்து தீக்குச்சியைக் காட்டினால் எரியும், எரிந்து முடிந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். ஆனால் அதை வெட்டி எடுத்துவர முடியாது. கிணறு தோண்டி, கிணற்றுக்குள் இருக்கிற தண்ணீரைப் பம்ப் வைத்து இறைக்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் கட்டி கரைந்து வாயு பிரிந்து மேலே வரும். கப்பலின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் முனையில் அதை எரியவிட்டு, எவ்வளவு வருகிறது என்று அளப்போம். எவ்வளவு வேகத்தில் தண்ணீரை இறைப்பது என்பதுதான் முக்கியமான விஷயம். அதை முடிவு செய்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மணலைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பனிக்கட்டிதான். அது கரைந்தால் மணல் பிடிவிட்டுப்போய் வாயுவோடு சேர்ந்து கிணற்றுக்குள் ஓடிவரும். தடுப்பதற்கு வலைக்குழாய் போட்டிருக்கிறோம். ஆனாலும் அவசரப்பட்டு இறைத்தால் வலையைப் பொத்துக்கொண்டு மணல் வரும், பம்ப் மண்ணைத் தின்று செத்துப்போகும். மணல் வருவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னால் நைஸ் மண் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பிக்கும். கருவி அதைக் காட்டாது. சல்லடையின் பல்லுக்குத் தெரியும்.

அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டது யார்? நான். அவன் ஒரு சின்னக் கல்லூரியில் மண்ணியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். கல்லூரியை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தான். என் மனைவி என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள். கடைசியில் இயக்குநரிடம் போய், "என் சகலை ஒருத்தர் இருக்காரு சார், மண்ணைப் பத்தி நல்லாத் தெரியும்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு மாமனார் வீட்டில் எந்த விருந்து என்றாலும், யார் வந்திருந்தாலும், "நான் ஒரு வார்த்தை சொன்னேன், மறுநாளே கூப்பிட்டுட்டாங்க" என்று நான் ஆரம்பித்துவிடுவேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று மாமியார் அவனைச் சொல்வார். மண்ணை வைத்தால் கடிக்கிறானே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவன் வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷமே வீட்டில் காற்று திசைமாறிவிட்டது. மாமனார் மாடி கட்டலாமா என்று யோசித்தபோது, அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் தோண்டி ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து, என்னைத் தாண்டிப் போய் அவனிடம் நீட்டினார். அவன் கடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு மாடி தாங்கும் மாமா, ரெண்டு வேண்டாம்" என்றான். மாமனார் நீதிபதி தீர்ப்புச் சொன்ன மாதிரி தலையாட்டினார். நான் கப்பலில் ஆயிரம் மீட்டர் தண்ணீரை ஒரு விரலால் ஏற்றி இறக்குகிறவன். அதை ஒருநாளாவது கேட்டிருக்கிறாரா? என் மகள் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் வீட்டு விஞ்ஞானி' என்று படம் வரைந்து பரிசு வாங்கினாள். படத்தில் சித்தப்பா வாயைத் திறந்துகொண்டு நின்றார். நான் பரிசளிப்புக்குப் போய்க் கைதட்டிவிட்டு வந்தேன். என் மனைவி வேறு, "அவரைப் பாருங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றாரு. நீங்க கேக்காததுக்கெல்லாம் சொல்றீங்க" என்பாள்.

சின்னச் சின்ன ஒத்திகைகளுக்குப் பிறகு முதல் சோதனை ஓட்டம் வந்தது. பத்து நாள் திட்டம். அதை ஒழுங்காக முடித்துக் கொடுப்பவருக்கு, அடுத்து வரப்போகிற நூறு நாள் ஓட்டத்தில் பம்ப் நாற்காலி என்று இயக்குநர் என்னிடமே சொல்லியிருந்தார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வேறு எதுவும் என் மனசில் இல்லை. நூறு நாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தால், மாமனார் மண்ணை எடுத்துக்கொண்டு யாரிடம் போகிறார் பார்ப்போம் என்று இருந்தது.

ஆறாவது நாள் காலையில் பத்திரிகைக்காரர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். எரிகிற சுடரைப் படம் எடுத்தார்கள். பிறகு என் அறையை எட்டிப் பார்த்தார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். ஒரு மேஜை, நாலு திரை, ஒரு ஆள். அதில் படம் எடுக்க என்ன இருக்கிறது? யாரோ "அங்கே ஒருத்தர் மண்ணைச் சாப்பிடறாராம்" என்று சொல்ல, மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் ஓடியது. அரை மணி நேரம் அவனைக் கடிக்கவைத்தும் துப்பவைத்தும் எடுத்தார்கள். எனக்குக் காதில் புகை வந்தது.

அன்று மதியம் சுடரைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டலாம் என்று நானாகவே முடிவு செய்தேன். மறுநாள் மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள். சுடர் பெரிதாக இருந்தால் எல்லோரும் பம்ப்காரன் யார் என்று கேட்பார்கள் அல்லவா? அனுமதித்த எல்லைக்குள்தான், ஆனால் எல்லையின் விளிம்பில் வைத்து இறைத்தேன். அழுத்தம் மளமளவென்று இறங்கியது. சுடர் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் கூடியது.

எங்களிடம் ஒரு முறை உண்டு. சல்லடை அரை மணிக்கு ஒரு தடவை மண் பார்த்து, மஞ்சள் சீட்டில் எழுதி, அவனே என் அறைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைப்பான். நான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மேல்தாள் எனக்கு, கார்பன் நகல் அவனுக்கு. அன்று இரண்டு மணிக்கு வந்தான். சீட்டை வைத்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு நகர்த்தினேன். அவன் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. இரண்டரைக்கு வந்தான். அதே மாதிரி. மூன்று மணிக்கு வந்தான். அந்தத் தடவை கொஞ்ச நேரம் நின்றான். பாராட்டு எதிர்பார்க்கிறான் போலிருக்கிறது, பத்திரிகையில் படம் வரப்போவதைப் பற்றி நாலு வார்த்தை பேச வந்திருக்கிறான் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு, "வேற ஒண்ணும் இல்லையே சகலை?" என்றேன். "இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று இருபதுக்குத் திரையில் பம்ப் இழுக்கும் கரண்டைக் காட்டும் கோடு குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கியது. நான் வேகத்தைக் குறைப்பதற்குள் மோட்டார் சூடாகித் தானாக நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். உறுமியது, நின்றது. வெளியே போய்ப் பார்த்தேன். சுடர் இடுப்பளவாகி, முழங்காலளவாகி, குழாய் முனையில் நீலமாகக் கொஞ்ச நேரம் நின்று அணைந்தது. தளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். அப்போதுதான் அறைக்குள் ஓடி அந்த மூன்று சீட்டுகளையும் எடுத்துப் படித்தேன். மூன்றிலும் அவன் குண்டு குண்டான எழுத்தில், "நைஸ் மண் வருகிறது. அழுத்தம் இறக்குவதை நிறுத்த வேண்டும்" என்று இருந்தது. மூன்றாவதில் 'உடனே' என்று சேர்த்து அடிக்கோடு போட்டிருந்தான்.

விசாரணை கரையில் நடந்தது. நீளமான மேஜை, அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர்.

"எச்சரிக்கை கொடுத்தீங்களா?" என்று நடுவில் இருந்தவர் சல்லடையைக் கேட்டார்.

"கொடுத்தேங்க. மூணு சீட்டு."

"அவர் படிச்சாரா?"

"கையெழுத்துப் போட்டாருங்க."

"உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாவது மனஸ்தாபம் இருக்கா?"

"சேச்சே, இல்லீங்க. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைக் கேட்டதும் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. மூன்று பேரும் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள். என்னைக் கப்பலிலிருந்து எடுத்துக் கரையிலிருக்கும் கண்காணிப்பு அறையில் போட்டார்கள். கப்பலில் நடப்பதைத் திரையில் பார்த்துக் குறித்து வைப்பது வேலை. கல்யாண வீட்டுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே மேளச் சத்தம் கேட்கிற உத்தியோகம்.

என் மனைவி கொதித்துப்போனாள். "மூணு தடவை வந்தவருக்கு, 'அண்ணே, மண்ணு வருது'ன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?" என்று கேட்டாள். அவள் தங்கையிடம் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவன் முறைப்படிதான் செய்தான், தப்பு என் மேல்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை என் மனைவியிடம் சொன்னேனா? சொல்லவில்லை. ஒரு வருஷம் அக்காவும் தங்கையும் மாமனார் வீட்டில் ஒரே சமையலறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து இரண்டாவது ஓட்டம். நூறு நாளைத் தள்ளிவைத்து, முதலில் நாற்பது நாள். வலைக்குழாயை மாற்றியிருந்தார்கள். முறையையும் மாற்றியிருந்தார்கள். சல்லடை சரி என்று சொல்லாமல் அழுத்தத்தை ஒரு புள்ளிகூட இறக்கக் கூடாது. பம்ப் நாற்காலியில் முறைவைத்து ஆட்களை உட்காரவைத்தார்கள், ஆனால் உண்மையில் கப்பலை ஓட்டியது அவன்தான். சுடர் பத்து நாள், இருபது நாள், முப்பது நாள் அசையாமல் எரிந்தது. நான் கரையில் தினமும் காலையில் திரையைப் போடும்போது, இன்றைக்காவது அணைந்திருக்காதா என்றுதான் பார்ப்பேன். எத்தனையோ பேருடைய உழைப்பு அது, என் கம்பெனி, என் சோறு. இருந்தாலும் அப்படித்தான் பார்த்தேன். பொறாமைக்குச் சொந்த வீடு, அடுத்த வீடு என்றெல்லாம் கிடையாது.

முப்பத்தோராவது நாள் காலை பதினொன்று இருபது. கரண்ட் கோடு லேசாக நடுங்கியது. மற்றவர்கள் பார்த்தால் எப்போதும் இருக்கிற சலசலப்பு என்று விட்டுவிடுவார்கள். நான் அந்த நடுக்கத்தை ஒரு வருஷமாகக் கனவில் பார்த்துக்கொண்டிருப்பவன். சல்லடையின் பல்லுக்கும் தப்பி, பம்ப்புக்குள் மண் போக ஆரம்பித்துவிட்டது. போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

மறந்துபோய் அல்ல, தெரிந்தேதான். அணையட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவனையும் அந்த நீளமான மேஜைக்கு முன்னால் உட்காரவைப்பார்கள், மாமியார் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று ஒரு இன்பம் அடிவயிற்றில் ஊறியது. கோடு இன்னும் கொஞ்சம் அதிகமாக நடுங்கியது. எத்தனையோ வருஷம் நான் கை வைத்து ஓட்டிய பம்ப். அது மண்ணைத் தின்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கே பல் கூசியது. பதினொன்று முப்பத்தொன்றுக்குப் போனை எடுத்தேன்.

"சகலை, பம்ப்ல மண்ணு போகுது. கரண்ட் ஆடுது பாருங்க."

"ஆமாண்ணே, பாத்துட்டேன். பதினொண்ணு இருபத்தேழுக்கே நிறுத்திட்டோம். இப்ப அடங்கிடும்."

"ஓ."

"ரொம்ப நன்றிண்ணே, கூப்பிட்டுச் சொன்னதுக்கு."

போனை வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். என்னால் கெட்டவனாகவும் முழுசாக முடியவில்லை, நல்லவனாகவும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. இரண்டிலும் அவனே நாலு நிமிஷம் முந்திக்கொண்டான்.

நாற்பது நாளும் முடிந்து கப்பல் கரைக்கு வந்தது. ஒரு வாரத்தில் இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினார். "கரையில உக்காந்துகிட்டுக் கிணத்தைக் காப்பாத்திட்டீங்களே! நூறு நாள் ஓட்டத்துக்குப் பம்ப் நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார். எனக்குப் புரியவில்லை. மேஜையில் சல்லடையின் அறிக்கை இருந்தது. புரட்டிக் காட்டினார். அதே குண்டு எழுத்து: '11.26 - கரையிலிருந்து தொலைபேசி எச்சரிக்கை. 11.27 - அழுத்தம் இறக்குவது நிறுத்தப்பட்டது.'

நான் கூப்பிட்டது பதினொன்று முப்பத்தொன்று. ஒரு துளி சேற்றைக்கூட மாற்றி எழுதாதவன் ஐந்து நிமிஷத்தை மாற்றி எழுதியிருந்தான். "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். என் மனைவி அறிக்கை விவரத்தைக் கேட்டதும் தங்கைக்குப் போன் போட்டாள். முதல் பத்து நிமிஷம் இரண்டு பேரும் அழுதார்கள், அடுத்த ஒரு மணி நேரம் தத்தம் மாமியாரைப் பற்றிப் பேசினார்கள். நான் கேட்ட நாற்காலி கிடைத்துவிட்டது. ஆனால் அவன் போட்ட பிச்சை அது. நூறு நாளும் அரை மணிக்கு ஒரு தடவை வந்து என் முன்னால் நிற்பான், நான் அந்தப் பிச்சையின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொரு நினைப்பும் வந்தது. உண்மையைச் சொன்னால் நாற்காலி போகும். ஆனால் அவனும் பொய் எழுதியவன் ஆவான். மாமனார் வீட்டில் அந்தப் பொய்யைப் பந்தி பந்தியாகப் பரிமாறலாம். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டுக்குப் போனேன். அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தார்கள். அவன் குளியலறையில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒழுகுகிற குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்றேன், கதவருகில் நின்றபடியே.

அவன் எதை என்று கேட்கவில்லை. "உக்காருங்கண்ணே" என்றான். உட்கார அங்கே கவிழ்த்துவைத்த வாளிதான் இருந்தது. உட்கார்ந்தேன்.

"வீட்ல ஒரு வருஷமா அழுகை. அக்கா பேசலை, அக்கா பேசலைன்னு. அஞ்சு நிமிஷந்தானே, யாருக்கு என்ன நஷ்டம்னு எழுதிட்டேன்."

"பொய்தானே அது?"

"பொய்தான்."

"உங்க தர்மத்துல நான் அங்க உக்காரணுமா? பெரிய கர்ணன்னு நினைப்பா?"

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான். "தர்மம் இல்லண்ணே. கணக்கு நேர் பண்ணேன்" என்றான்.

"என்ன கணக்கு?"

"அன்னிக்கு மூணு சீட்டு கொடுத்தேனே. நீங்க படிக்கலைன்னு எனக்குத் தெரியும். மொத சீட்டுலயே தெரியும். நீங்க எழுத்தைப் பாக்கவே இல்லை. மூணாவது தடவை நின்னேன் பாருங்க, சொல்லிடலாம்னுதான் நின்னேன். நீங்க 'வேற ஒண்ணும் இல்லையே'ன்னீங்க. இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்?" என்றேன்.

"மாட்டட்டும்னுதான்." அவன் என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு உங்க மேல பொறாமைண்ணே. ரொம்ப நாளா. மூத்த மாப்பிள்ளை நீங்க. நாலு பேர் நடுவுல சத்தமாப் பேசுவீங்க, எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு அதெல்லாம் வராது. பெரிய நாற்காலி. நீங்க விரலை அசைச்சா சுடர் எந்திரிக்கும், உக்காரும். நான் மண்ணைத் துப்பிட்டு நிப்பேன். போதாததுக்கு விருந்துக்கு விருந்து 'நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன்'னு சொல்லுவீங்க. சோறு தொண்டையில நிக்கும். ஒரு தடவை, ஒரே தடவை, இந்த ஆளு எல்லார் முன்னாடியும் முழிக்கணும்னு தோணுச்சு. முறைப்படி சீட்டு கொடுத்தாச்சு, எனக்கென்னன்னு இருந்துட்டேன்."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். என் ஒரு வருஷம் போயிருக்கிறது. ஒரு நல்ல கிணறு போயிருக்கிறது. ஆனால் எனக்கு உள்ளே வந்தது சந்தோஷம். மழை பெய்த மாதிரி குளுகுளுவென்று ஒரு சந்தோஷம். இவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான்! இத்தனை வருஷமாக! என்னிடம் பொறாமைப்பட ஏதோ இருந்திருக்கிறது! எனக்கே தெரியாமல் போய்விட்டதே!

"என்ன சொன்னீங்க, சுடர் எந்திரிக்கும், உக்காருமா?" என்றேன். இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருந்தது.

"ஆமா" என்றான் எரிச்சலாக.

"நான் பதினொண்ணு இருபதுக்கே பாத்துட்டேன் சகலை" என்றேன். "கரண்ட் ஆடுறதை. அணையட்டும்னுதான் பதினொரு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்திலும் அதே மழை. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், இரண்டு பேரும் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. ஒரு ஆள் படிக்காமல் கையெழுத்துப் போட்டான், ஒரு ஆள் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எந்த வலைக்குழாய் போட்டு என்ன? நூறு நாளைக்கு எங்கள் இரண்டு பேரையும் ஒரே கிணற்றின் மேல் உட்காரவைத்தால் கிணறு என்ன ஆகும்?

"நமக்கு நாமே உத்தரவாதம் கொடுக்க முடியாதுண்ணே" என்றான் அவன். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். 11.26 என்பது 11.31 என்று அவன் எழுதினான். 11.20 என்பதை நான் எழுதினேன். மூன்று சீட்டுகளைப் பற்றி அவன் எழுதினான். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். போடும் முன் நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். கடையிலிருந்து திரும்பிவந்த அக்காவும் தங்கையும் விஷயத்தைக் கேட்டு, பையைக் கீழே வைக்காமலேயே எங்கள் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அதில் அவர்களுக்குள் அபார ஒற்றுமை.

இயக்குநர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறையை மறுபடி மாற்றினார். இனிமேல் சீட்டு மட்டும் போதாது, மண்காரர் வாயால் சொல்ல வேண்டும், பம்ப்காரர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். அவனிடம் மண் படித்த ஒரு பெண்ணைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். பம்ப் நாற்காலிக்கு ஜெனரேட்டர் பிரிவிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள். எந்நேரமும் சீட்டியடிப்பான், 'விசில்' என்று பேர். எங்கள் இருவருக்கும் கரை அறையில் பக்கத்துப் பக்கத்து மேஜை.

நூறு நாள் ஓட்டத்தின் முதல் நாள். காலை பத்து மணிக்குத் திரையில் சுடர் ஏறியது. விசில் பம்ப் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அழுத்தக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இறங்கியது. கரண்ட் கோட்டில் ஒரு சலனம் இல்லை. பத்திரிகைக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"வேகமா இறக்குறான்" என்றேன்.

"ஆமாண்ணே, கொஞ்சம் வேகந்தான்" என்றான் சல்லடை. அப்படி ஒன்றும் வேகம் இல்லை. எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"உக்காந்திருக்கிறதைப் பாருங்க, மாப்பிள்ளை மாதிரி."

"மண்டைக்கனம்ணே."

அவன் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். நான் திரையை அவனுக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். சகலைகளாகிப் பதினாலு வருஷத்தில், நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான்.